கைக்கெட்டும் தட்டு

நவம்பர் 4, திங்கள்

காலையில் கடைக்குப் பிவிசி குழாய்ச் சாமான் லோடு இறங்கியது. தூறலில் நனைந்த பெட்டி ஏழு. உள்ளே சரக்குக்குச் சேதமில்லை. கடையில் வேலை செய்கிற பழனிச்சாமி பாதிப் பெட்டியை மாடிப்படியிலேயே அடுக்கிவிட்டதால், மேலே போகிறவர்கள் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஏற வேண்டியதாயிற்று.

மேலே போகிறவர்கள் என்றால் என் மருமகள் சிந்துஜாவும் அவளோடு வேலை செய்கிற இரண்டு பேரும். கடைக்கு மேல்மாடியில் மூன்று வருஷமாக ‘களம்’ என்று ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அது கம்ப்யூட்டர் விளையாட்டு இல்லை, விளையாட்டை நாமே கட்டிக்கொள்வதற்கான கருவி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தமிழிலேயே மரம், சுவர், குளம் எல்லாம் வைத்து, நடுவில் ஓர் ஆளை இறக்கி ஓட விடலாம். முதலீட்டில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் குழாய்க் கம்பெனி கொடுத்த டைரியில் இதையும் எழுதுகிறேன்.

மத்தியானம் சிந்துஜா இறங்கி வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றாள். சாப்பிடாத முகம்.

“என்ன அம்மணி?”

“மின்மினிக்காரங்க ரிப்போர்ட் அனுப்பிட்டாங்க மாமா.”

மின்மினி என்பது முப்பத்து நாலு இடங்களில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிற நிறுவனம். போன வாரம் போத்தனூர் மையத்தில் பன்னிரண்டு பிள்ளைகளிடம் களத்தைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முக்கால் மணி நேரம் ஆகியும் ஒன்பது பேரால் ஓர் ஆளைக்கூட நிறுத்த முடியவில்லை. மரம் நட்டிருக்கிறார்கள், மேகம் வைத்திருக்கிறார்கள், ஒருத்தன் கோட்டையே கட்டியிருக்கிறான். உள்ளே ஆள் இல்லை.

டிசம்பர் 7-ஆம் தேதி இன்னொரு தடவை பார்ப்பார்கள். அன்றும் இப்படி ஆனால் வேறு கருவிக்குப் போய்விடுவார்கள். போய்விட்டால் மாடியைக் காலி செய்துவிட்டு ஓசூருக்குப் போவதாகச் சிந்துஜா சொன்னாள். அவள் புருஷன், என் மகன் பிரபு, அங்கேதான் மோட்டார் கம்பெனியில் இருக்கிறான். அவளுக்கும் அங்கே ஒரு வேலை காத்திருக்கிறது. பேத்தியும் போவாள், அது இயல்புதான். மாடிக்கு வாடகைக்கு உடனே ஆள் கிடைக்கும். எனக்கு அதில் ஒன்றுமில்லை.

“இன்னும் நல்லா ஒரு விளக்க வீடியோ போட்டுக் குடுக்கலாம்னு இருக்கறோம் மாமா.”

“கடைக்கு வந்தவன் சாமான் காணாம முழிச்சா, அவனுக்குப் பாடம் எடுப்பியா, ரேக்கை மாத்துவியா?”

நாளைக்கு நானே உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 5, செவ்வாய்

உட்கார்ந்தேன். எழுந்திருக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஆளைத் தேடினேன். ‘பொருட்கள்’ என்று ஒரு கதவு. அதற்குள் ‘நூலகம்’. அதற்குள் ‘உயிருள்ளவை’. அதில் ஆடு, மாடு, மீன் எல்லாம் இருக்கிறது. அதற்கும் உள்ளே ‘கட்டுப்படுத்தக்கூடியவை’. அங்கேதான் ஆள் ஒளிந்திருக்கிறான். அவனைக் கண்டுபிடித்தாலும் நடக்க மாட்டான். இன்னொரு மூலைக்குப் போய் ‘உள்ளீடு’ என்பதை எடுத்து வந்து அவன் தலையில் மாட்ட வேண்டும்.

புரோகிராம் எழுதுகிற அல்தாஃபைக் கேட்டேன். குனியமுத்தூர்க்காரன். கெட்டிக்காரன், ஆனால் விவாதத்துக்கு அலைவான்.

“ஏம்ப்பா, ஆட்டத்துல முதல்ல வேண்டியது யாரு?”

“பிளேயர்தான் அங்கிள். ஆனா லாஜிக்கா பாத்தா ஆளும் ஒரு பொருள்தானே. பொருள் எல்லாம் ஒரே எடத்துல இருக்கணும்.”

“என்ற கடைல குழாயை வளைச்சுத் திருப்பற அரை இஞ்ச் எல்போவும் ஒரு பொருள்தான். நூறு பேர் வந்தா எண்பது பேர் அதைத்தான் கேக்கறான். அதை குடோன்ல, ‘வளையக்கூடியவை’ன்னு போர்டு எழுதி வெச்சன்னு வை, சாயங்காலத்துக்குள்ள எதிர்க்கடைக்காரன் எனக்கு மாலை போட வந்துருவான்.”

படம் வரைகிற ஜெனிட்டா கணினிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

கடைசியில் ஆளைப் பிடித்தேன். பிடித்தபடியே அழுத்திக்கொண்டு திரைக்குக் குறுக்கே இழுத்து வந்து விட வேண்டுமாம். மூன்று தடவையும் குளத்தில் விழுந்தான். மவுஸ் சரியில்லை, வழுக்குகிறது. புதிது வாங்கச் சொன்னேன். அல்தாஃப் மவுஸைப் பார்த்தான். பிறகு சிந்துஜாவைப் பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 6, புதன்

புது மவுஸ் வந்தது. இதுவும் சரியில்லை.

நவம்பர் 9, சனி

சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை கடையில் கூட்டம் நெரியும். மூன்று பேரையும் கீழே வரச் சொல்லி, கல்லாவுக்குப் பின்னால் நிற்க வைத்தேன். வாயைத் திறக்கக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும் என்று நிபந்தனை.

பிளம்பர் குப்புராஜ் வந்தான். “ண்ணா, முக்கால் இஞ்ச் டீ நாலு, எல்போ பத்து, டேப்பு ரெண்டு” என்றான். பழனிச்சாமி திரும்பாமலே கை நீட்டி எடுத்துப் போட்டார். முன்பெல்லாம் அந்த இடத்தில் நான் நிற்பேன். இப்போது எடுத்துப் போடுகிற வேலையை அவரிடம் விட்டுவிட்டு வாயால் மட்டும் வியாபாரம் செய்கிறேன். முதலாளி ஆகி இருபது வருஷத்துக்குப் பிறகாவது முதலாளியாக இருக்க வேண்டாமா.

கூட்டம் குறைந்ததும் ஜெனிட்டா கேட்டாள். “அங்கிள், இந்த ஷெல்ஃப் மட்டும் ஏன் இடுப்பு உயரத்துல இருக்கு?”

“கைக்கெட்டும் தட்டு அது. அதிகமாப் போற ஆறு சாமான் மட்டும் அங்க. ஏழாவதுக்கு எடம் குடுத்தா எட்டாவது வந்து நிக்கும். ஆறுதான்.”

“யாரு முடிவு பண்றது, எந்த ஆறுன்னு?”

“வர்றவன்தான் முடிவு பண்றான். நான் எடுத்து வெக்கறதோட சரி.”

அவள் பில் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே படம் போட்டாள். திரையின் இடது ஓரத்தில் ஒரு பட்டை, அதில் ஆறு ஆள், எந்நேரமும் கண்முன். ஆளைத் தனியாகத் தேட வேண்டாம், நடக்கிற திறமையோடேயே வருவான். அல்தாஃப் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினான்.

“செய்யலாம் அங்கிள். ஆனா என்னோட ஃபோல்டர் எல்லாம் அழகா இருந்துச்சு.”

“அழகு உள்ள இருக்கட்டும்ப்பா. குடோனை யாரு கலைக்கச் சொன்னது?”

டீ வந்தது. எனக்கு அரை டம்ளர் போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். முழுதாகக் குடித்தால் பசி அடங்கிவிடுகிறது.

நவம்பர் 13, புதன்

எந்த ஆறு என்பதில் சண்டை.

ஜெனிட்டா இதுவரை நாற்பத்தொரு ஆட்களை வரைந்திருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் பேர், ஊர், தலைவாரும் விதம் எல்லாம் வைத்திருக்கிறாள். போத்தனூர்ப் பிள்ளைகள் எதெதைத் தொட்டார்கள் என்ற விவரம் கணினியில் இருந்தது. நாய் முதலிடம். அடுத்தது ஆட்டோ ஓட்டுகிற அம்மா. பிறகு பள்ளிக்கூடப் பை மாட்டிய பெண், மீன்காரர், தபால்காரர். ஆறாவது இடத்துக்குத் தெளிவாக யாரும் இல்லை. அல்தாஃப் ஆசைப்பட்டு வரையச் சொன்ன கட்டுமஸ்தான வீரனை மொத்தம் இரண்டு பேர் தொட்டிருக்கிறார்கள். அதில் ஒருத்தன் தெரியாமல் தொட்டதாகப் பேச்சு.

“இந்தப் பாட்டுக்கார அக்காவை நாலு நாள் வரைஞ்சேன் அங்கிள். யாரும் கேக்கலைன்னா அவளுக்குக் கடைசி ரேக்கா?” என்றாள் ஜெனிட்டா.

“கடைசி ரேக்குன்னா குப்பைத்தொட்டின்னு ஆருமா சொன்னா? கேட்டாங்கன்னா முன்னால வருவா. என்ற மருமகளே வரைஞ்சிருந்தாலும் இதேதான்.”

“ரூல்னா எல்லாருக்கும்தானே?”

“எல்லாருக்கும்.”

“அப்ப வீரன்?”

அல்தாஃப் என்னைப் பார்த்த பார்வையைப் பார்த்தால் கல்லும் இரங்கும். ஆறாவது இடம் காலியாகத்தான் இருக்கிறது, ஒரு மாசம் நின்று பார்க்கட்டும் என்றேன். வியாபாரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தெரிய வேண்டும். ஜெனிட்டா எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

காசோலை ஒன்றைக் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேங்க்கில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முப்பது வருஷமாக என்னைத் தெரிந்த பேங்க். மேனேஜர் புதுசு.

நவம்பர் 15, வெள்ளி

தட்டு திரையில் வந்துவிட்டது. வடை கொண்டுவந்த என் மனைவி சரசுவை, வாசலிலேயே மடக்கி உட்கார வைத்தோம். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவள்.

“எனக்கென்னங்க தெரியும், நாய் வேணும்னா நாயைத்தான் எடுப்பேன்” என்றாள். எடுத்தாள். இரண்டே நிமிஷத்தில் நாய் களத்தில் நின்றது, அம்புக்குறிச் சாவியை அழுத்தினால் ஓடியது. வடையை மறந்துவிட்டு அதைக் குளத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“இழுக்கறது செரமமா இருந்துச்சா அத்தை?” என்று சிந்துஜா கேட்டாள்.

“எனக்கு ஒண்ணும் செரமமில்ல கண்ணு” என்றவள், ‘எனக்கு’ என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை. காலையில் என் சட்டைப் பித்தானை அவள் போட்டுவிட வந்தபோது நான் சத்தம் போட்டது மனதில் இருந்திருக்கும். இனி ஜிப்பாதான் போடப் போகிறேன். காற்றோட்டமாக இருக்கும்.

நவம்பர் 17, ஞாயிறு

இன்றைக்கு மானம் போயிற்று. தப்பு என்னுடையது, அதையும் எழுதி வைக்கிறேன்.

தெருப் பிள்ளைகள் எட்டுப் பேரைக் கூப்பிட்டு ஒத்திகை வைத்தோம். எட்டுக் கணினி, எட்டு விளையாட்டு. ஆரம்பம் ஜோராக இருந்தது. நாலாவது நிமிஷத்துக்குள் எட்டுப் பேரும் ஆளை நிறுத்திவிட்டார்கள். அல்தாஃப் என்னோடு கை குலுக்க வந்தான். நான் கையைக் கட்டிக்கொண்டிருந்ததால் தோளைத் தட்டினான்.

அப்போது மளிகைக்கடை ரங்கராஜின் பெண் தன் ஆட்டோக்காரம்மாவின் காக்கிச் சட்டைக்குப் பச்சை வர்ணம் அடித்தாள். உடனே நாலு மூலையிலிருந்தும் சத்தம். ஆட்டோக்காரம்மாவை எடுத்திருந்த எல்லாப் பிள்ளைகளின் திரையிலும் சட்டை பச்சை. இன்னொருத்தன் தன் நாயின் வேகத்தைப் பூஜ்யம் ஆக்கினான். மூன்று நாய்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

“என்ற நாயைக் கொன்னுட்டான்!” என்று ஒரு பொடிசு அழுதது.

பிள்ளைகளை முறுக்கு கொடுத்து அனுப்பிவிட்டு விசாரித்தோம். அல்தாஃப் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

“நேரா கைக்கு எட்டணும்னு நீங்க சொன்னீங்கல்ல அங்கிள். அதனால உள்ள இருந்த மூலத்தையே தட்டுல வெச்சுட்டேன். எல்லாரும் ஒரே ஆளைத்தான் எடுத்துருக்காங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடை திறந்த புதிதில் இதே கூத்தை நான் செய்திருக்கிறேன். கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு வைத்திருந்த பித்தளைக் குழாயை, குடோனுக்கு நடக்கச் சோம்பல்பட்டு, அப்படியே எடுத்து ஒருத்தருக்கு விற்றேன். அடுத்து வந்தவருக்குக் காட்ட அலமாரியில் ஒன்றுமில்லை. வாங்கிப் போனவர், பத்துப் பேர் திருகிப் பார்த்த குழாய் என்று மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து பார்வைக்கு வைத்ததை விற்பதில்லை. அதைத் தொட்டுக் காட்டுவார்கள், உள்ளிருந்து புதிது வரும்.

“தட்டுல இருக்கறது பார்வைக்கு. தொட்டா குடோன்ல இருந்து புதுசு ஒண்ணு வரணும். வந்ததுக்கு அவன் பச்சை அடிக்கட்டும், மொட்டை அடிக்கட்டும். இதைச் சொல்லாம விட்டது நாந்தான்.”

“எனக்கும் தெரிஞ்சிருக்கணும் மாமா” என்றாள் சிந்துஜா. “மூணு வருஷமா இதைத்தான பண்றேன்.”

“சரி, பாதி உன்னுது, பாதி என்னுது. அல்தாஃபுக்கு முறுக்கு மட்டும்.”

“அதையும் பசங்க தின்னுட்டாங்க அங்கிள்” என்றான்.

நவம்பர் 18, திங்கள்

தொட்டால் புதியவன் வருகிறான். சட்டை அவரவருக்கு.

நவம்பர் 22, வெள்ளி

ஒத்திகையில் இன்னொன்றையும் கவனித்திருந்தேன். எட்டுப் பேரில் சின்னதுகள் இரண்டு, ஆளைத் தட்டிலிருந்து இழுத்து வரும்போது பாதி வழியில் கை விட்டுவிட்டன. ஆள் சுவர்மேல் விழுந்தான், மறுபடி எடுத்தன. கடைசியில் நிறுத்திவிட்டன என்பதால் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

எதற்காக இழுக்க வேண்டும்? தொட்டால் போதும். ஆள் வந்து களத்தின் நடுவில் நிற்கட்டும். பிறகு எந்த இடத்தைத் தொடுகிறோமோ அங்கே போகட்டும். மவுஸே வேண்டாம் என்பவர்களுக்குச் சாவிப்பலகையில் 1 முதல் 6 வரை. ஒன்றை அழுத்தினால் நாய், இரண்டை அழுத்தினால் ஆட்டோக்காரம்மா. இவ்வளவுதான் கேட்டேன்.

அல்தாஃப் விவாதத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“அங்கிள், உலகத்துல எல்லா எடிட்டர்லயும் இழுத்துப் போடறதுதான் வழக்கம். ரெண்டு வாரம்தான் இருக்கு. இப்ப போயி…”

“மாமா சொல்றதைச் செய் அல்தாஃப்” என்றாள் சிந்துஜா, தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இழுக்கறதும் இருக்கட்டும், தொடறதும் இருக்கட்டும்.”

எதிராளி இத்தனை சீக்கிரம் ஒத்துக்கொண்டால் எனக்குச் சந்தேகம் வரும். எழுந்து சுவர்ப் பக்கம் நடந்தேன். செய்ய வேண்டிய வேலைகளைத் துண்டுச் சீட்டில் எழுதி வரிசையாக ஒட்டியிருப்பார்கள். ‘தட்டு’ என்று ஒரு சீட்டு, நவம்பர் 9. ‘புதியவன் வர வேண்டும்’, நவம்பர் 17. அவற்றுக்கெல்லாம் மேலே, மஞ்சள் சீட்டில் சிந்துஜாவின் கையெழுத்து: ‘கை நிதானம். சின்ன அசைவுகளைக் கருவி பொருட்படுத்தக் கூடாது. முதல் வேலை.’ தேதி நவம்பர் 5.

பிள்ளைகள் ஒத்திகைக்கு வந்தது 17-ஆம் தேதி. 5-ஆம் தேதி அந்த நாற்காலியில் உட்கார்ந்தது யார் என்று யோசித்தால் விடை கிடைக்கும். நான் யோசிக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்காக எழுதியிருப்பாள். முன்யோசனை உள்ள பெண்.

நவம்பர் 28, வியாழன்

சிந்துஜா ஒரு சீட்டை நீட்டினாள். நரம்பு டாக்டரிடம் டிசம்பர் 10-ஆம் தேதிக்கு வாங்கிய நேரம்.

“வேற ஒருத்தருக்கு வாங்குனேன் மாமா. அவரால போக முடியல. வீணாப் போகுதுன்னு…”

“வேற ஒருத்தருக்கு வாங்குனதுல என்ற பேரு எப்படி எழுதியிருக்குது?”

“மாத்திக் குடுத்தாங்க.”

நல்ல பொய் சொல்லத் தெரியாதவள் எப்படி வியாபாரம் செய்வாள் என்று கவலையாக இருக்கிறது. மார்கழி பிறப்பதற்குள் ஸ்டாக் எடுக்க வேண்டும், நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். சீட்டைக் கிழிக்கவில்லை. டைரியின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

டிசம்பர் 5, வியாழன்

எல்லாம் தயார், ‘கை நிதானம்’ உட்பட. அல்தாஃபும் ஜெனிட்டாவும் பதற்றத்தில் ஒருவர் டிபனை ஒருவர் மாற்றித் தின்றுவிட்டார்கள். எனக்குப் பதற்றமில்லை. சரக்கு நல்ல சரக்கு.

பேத்தி பள்ளிக்கூடத்தில் ஓசூர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டினாளாம். அப்படியே வந்து சொன்னாள். கேட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 7, சனி

போத்தனூர் மையம். காலை பத்தரை.

மின்மினியின் தலைவி ஹேமலதா நேரில் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்கிற ரகம். எனக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும். வாங்கினால் வாங்குவார்கள், இல்லையென்றால் நேரத்தைத் தின்ன மாட்டார்கள்.

பன்னிரண்டு பிள்ளைகள், போன தடவை வராத புதுப் பிள்ளைகள். ஆறாவது நிமிஷத்தில் பன்னிரண்டு ஆட்களும் நின்று, நடந்து, இரண்டு பேர் குளத்தில் குதித்தும் விட்டார்கள். வேண்டுமென்றே குதித்தவர்கள். ஜெனிட்டா என் ஜிப்பாவைப் பிடித்துக் கசக்கிவிட்டாள்.

ஹேமலதா கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தில் மாற்றமில்லை.

“பசங்க சூட்டிகைங்க. எதைக் குடுத்தாலும் கத்துக்குவாங்க” என்றார். “என் பிரச்சினை டீச்சருங்க. முப்பத்து நாலு மையத்துலயும் பாதிப் பேரு ரிட்டையர் ஆனவங்க, வீட்டைப் பாத்துக்கிட்டே வர்றவங்க. அவங்க பயந்துட்டா கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வெச்சுருவாங்க. இந்த வேலை தெரியாத யாராவது பெரியவங்க செஞ்சு காட்டட்டும். சார், நீங்க யாரு?”

“சுந்தராபுரத்துல ஹார்டுவேர் கடைங்க. பேரு சென்னியப்பன். இந்தப் பொண்ணு என்ற மருமக.”

“நீங்க உக்காருங்களேன்.”

சிந்துஜா சட்டென்று முன்னால் வந்தாள். “மேடம், இங்கயே யாராவது டீச்சர் இருந்தா…”

“ஏன், சார் உக்காரக் கூடாதா?”

உட்கார்ந்தேன். பன்னிரண்டு பிள்ளைகளும் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள். மவுஸைப் பிடித்ததும் திரையில் அம்பு துடித்தது. மேஜையில் மவுஸ் டக்டக்கென்று அடிக்கிற சத்தம் எல்லோருக்கும் கேட்டிருக்கும். ஒரு பையன், “தாத்தா, குளிருதா?” என்றான். யாரோ அவனை அதட்டினார்கள்.

மவுஸை விட்டுவிட்டேன். சாவிப்பலகையில் இரண்டை அழுத்தினேன். ஆட்டோக்காரம்மா வந்து நடுவில் நின்றாள். சாவிப்பலகையிலேயே ‘கை நிதானம்’ என்பதையும் தட்டிவிட்டு மறுபடி மவுஸைத் தொட்டேன். கை ஆடியது, அம்பு ஆடவில்லை. பிள்ளை யாரோ கட்டி வைத்திருந்த கோட்டையின் வாசலைத் தொட்டேன். ஆட்டோக்காரம்மா நேராக அங்கே போனாள். இரண்டு சுவர் வைத்தேன், ஒரு மரம் வைத்தேன், அவளை நடத்தி மரத்தடியில் நிறுத்தினேன். கடிகாரப்படி நாலு நிமிஷம்.

ஹேமலதா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்து பார்த்தார்.

“நீங்க எதையும் இழுக்கவே இல்லையே. நான் பாத்த எதுலயும் இப்படி இல்ல. இதை எதுக்காகச் செஞ்சீங்க?”

“சின்னப் பசங்களுக்காக மேடம்” என்றாள் சிந்துஜா. தயாராக வைத்திருந்த பதில் மாதிரி வந்தது. “அவங்களுக்கு விரல் சரியா…”

“இல்லீங்க” என்றேன். “எனக்காகப் பண்ணுனது. என்ற கை நடுங்குதுங்க. பங்குனியில இருந்து.”

அல்தாஃப் தன் செருப்பைப் பார்த்தான். சிந்துஜா என்னைப் பார்த்தாள்.

ஏன் சொன்னேன் என்று யோசித்தால் ஒன்றுதான் தோன்றுகிறது. சரக்கைப் பற்றிப் பொய் சொல்லி நான் விற்றதில்லை. அது யாருக்காகச் செய்த சரக்கு என்று வாங்க வந்தவர் கேட்கிறார். சிந்துஜாவோ ஒரு மாசமாக என்னைக் காப்பாற்றிப் பேசிக்கொண்டிருக்கிறாள். எத்தனை நாளைக்குப் பேசுவாள்?

ஹேமலதா பரிதாபப்படவில்லை. அதற்கு நன்றி. “எங்க டீச்சர் ஒருத்தருக்கும் இதே பிரச்சினை. கையை முந்தானைக்குள்ள வெச்சுக்கிட்டுப் பாடம் எடுப்பாங்க” என்றார். பிறகு கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். “முதல்ல பத்து மையத்துக்கு எடுத்துக்கறோம்.”

சிந்துஜா நன்றி சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

“பத்துன்னா சாம்பிளுங்க. முப்பத்து நாலு எடுத்தாத்தான் அது வியாபாரம். பத்து மையத்து டீச்சரு நல்லா இருக்குதுன்னு சொன்னா, மிச்ச இருபத்து நாலு டீச்சரும் உங்களத்தான கேள்வி கேப்பாங்க?”

“சார், நீங்க கை நடுங்குதுன்னு சொன்னப்ப நான் உங்களை அப்பாவின்னு நெனச்சு ஏமாந்துட்டேன்” என்றார். அப்போதுதான் முதல் தடவை சிரித்தார்.

இருபதில் முடிந்தது. மிச்சம் கோடை விடுமுறைக்குப் பிறகு. எழுதி வாங்கிக்கொண்டோம்.

திரும்பி வரும்போது காரில் சிந்துஜா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுந்தராபுரம் சிக்னலில் நின்றபோது, “செவ்வாக்கெழமை நானே வண்டி ஓட்டறேன் மாமா” என்றாள்.

“ஸ்டாக் எடுக்கோணுமே அம்மணி.”

“பழனிச்சாமியண்ணன் எடுத்துக்குவாரு.”

விவாதத்தில் இவள் அல்தாஃபைவிட மோசம்.

டிசம்பர் 10, செவ்வாய்

டாக்டர் ஒரு தாளைக் கொடுத்து, நத்தை ஓடு மாதிரிச் சுற்றிச் சுற்றி ஒரு கோட்டை இழுக்கச் சொன்னார். “இழுக்கறதுதானுங்க வராது. தொடறதா இருந்தா சொல்லுங்க, அருமையாப் பண்ணுவேன்” என்றேன். டாக்டருக்குப் புரியவில்லை. சிந்துஜா வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். வந்தபோது கண் சிவந்திருந்தது.

நான் பயந்த வியாதி இல்லையாம். முழுதாகப் போகாது, மாத்திரையில் அடங்கும் என்றார். பயந்தேன் என்று இதற்கு முன் எங்கும் எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

சாயங்காலம் டீ முழு டம்ளர் வாங்கினேன். பாதி சிந்தியது. மீதியைக் குடித்தேன்.

டிசம்பர் 23, திங்கள்

இன்றைக்கு நான் சொல்கிறேன், சரசு எழுதுகிறாள். அவள் கையெழுத்து என்னுடையதைவிட மோசம். “அதையும் எழுதறதா?” என்கிறாள். எழுது.

இருபது மையத்திலும் களம் ஓட ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. மாடியில் புதிதாக ஒரு மேஜை போட்டிருக்கிறார்கள். ஓசூரிலிருந்து பிரபு வந்திருந்தான், இங்கேயே வேலை பார்க்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறான். எனக்கு அதில் ஒன்றுமில்லை.

(ஒன்றுமில்லை என்று சொல்லும்போது இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. இது சரசு எழுதியது.)

ஜெனிட்டா எனக்குத் தெரியாமல் நாற்பத்திரண்டாவது ஆளை வரைந்திருக்கிறாள். ஜிப்பா போட்ட ஹார்டுவேர்க்காரர். காதில் பென்சில். எதையாவது எடுக்கும்போது அவர் கை லேசாக ஆடும். ஆனால் எடுத்ததைக் கீழே விட மாட்டார். மையங்களுக்குப் போகும் முன்பே, தட்டில் முதல் இடம் கொடுப்போம் என்று மூன்று பேரும் சேர்ந்து வந்து கேட்டார்கள்.

கூடாது என்றேன். விதி எல்லாருக்கும் விதிதான். கடைசி ரேக்கில் வையுங்கள், பிள்ளைகள் கேட்டால் முன்னால் வரட்டும். ஜெனிட்டாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இந்த ஒரு வார்த்தைக்காகவே வரைந்திருப்பாள் போல.

இன்று காலை ஒரு வார விவரம் வந்தது. சிந்துஜா படியிறங்கி வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தாள். நாய், ஆட்டோக்காரம்மா, தபால்காரர் என்று போய்க்கொண்டே இருந்தது.

“ஹார்டுவேர்க்காரர், ஏழாவது எடம்.”

“தட்டுல ஆறுதான.”

“ஆமா மாமா. ஆறுதான்.”

“ஆறாவது ஆரு?”

“அல்தாஃபோட வீரன். பன்னெண்டு பேரு வித்தியாசம்.”

பன்னிரண்டு பேர்தானே. ஜனவரி முடிவதற்குள் அந்த வீரன் கடைசி ரேக்குக்குப் போவான். எழுதிக்கொள் சரசு, தேதியும் போடு.